நாலு கைக் கஸ்பார்

ராயபுரத்தில் ஆர்ட்டிஸ்ட் கஸ்பாரைத் தெரியாதவன் ஒருவன் இருந்தால், அவன் அன்றைக்குத்தான் கப்பலிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை எந்தக் கடையின் நெற்றியைப் பார்த்தாலும், பலகையின் வலது மூலையில், வாலைச் சுருட்டிய பல்லி மாதிரி ஒரு கையெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். சோடாக் கடைப் பலகையில் பாட்டிலைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் குழந்தையும், காப்பித்தூள் கடைப் பலகையில் டம்ளரும் கையுமாக நிற்கும் அம்மாளும் கஸ்பாரின் கைவண்ணம் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது.

ஊர் நம்பியதில் பாதிதான் சரி. எழுத்து அவருடையதுதான். ஆள் உயர எழுத்தை நூல் பிடிக்காமல், கோடு போடாமல் எழுதுவார். 'ழ'வுக்கு அவர் கொடுக்கும் சுழியைப் பார்த்தால் நாக்கே சுளுக்கிக்கொள்ளும். ஆனால் மனித முகம் என்று வந்துவிட்டால் அவருக்குக் கை வராது. பெண்ணை வரைந்தால் வஞ்சிரம் மீன் முறைக்கும். குழந்தையை வரைந்தால் அதற்கு அறுபது வயதாகியிருக்கும்.

முகமும் கையும் மரியத்தின் வேலை. மரியம் அவர் மனைவி, எர்ணாவூர்ப் பெண். கல்யாணமான புதிதில், கூந்தல் தைலக் கடைப் பலகை ஒன்றோடு கஸ்பார் ஒரு காலை முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்த மரியம், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிரஷ்ஷை எடுத்து அந்தப் பெண்ணின் கண்ணை இரண்டு இழுப்பில் திருத்தினாள். பலகையிலிருந்த பெண் சட்டென்று உயிர் வந்து தெருவைப் பார்த்தாள். கஸ்பார் பலகையைப் பார்த்தார், மரியத்தைப் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம்விட்டு, "மூக்கையும் அப்டியே பாத்துடேன்" என்றார். அன்று நகர்ந்தவர் நகர்ந்தவர்தான்.

வெளியே மட்டும் சொல்லக் கூடாது. "பொம்பள போட்ட போர்டுன்னா எவன் மாட்டுவான் மரியம்? நீயே சொல்லு" என்பார். அவளுக்கு வரைவதே போதுமானதாக இருந்தது. எரிச்சல் வரும் நாட்களில் குழம்பில் உப்பைக் கொஞ்சம் கூடப் போடுவாள், அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மதார் சாகிப்பின் மிளகாய் மண்டிக்குப் பலகை எழுதும் வேலை வந்தது. மதார் சாகிப் பழைய வண்ணாரப்பேட்டையில் பெரிய புள்ளி. மிளகாயோடு வாழ்ந்து வாழ்ந்து எப்போதும் தும்மலின் விளிம்பிலேயே நிற்பவர். ஒரு பெண் கூடை நிறையச் சிவப்பு மிளகாயை ஏந்திக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். மரியம் அவளை அழகாகவே சிரிக்க வைத்தாள். பலகையைப் பார்க்க வீட்டுக்கே வந்த மதார் சாகிப், கஸ்பாரின் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"கஸ்பாரு, இது மனுசன் கை இல்ல. இதுல ஜின்னு கீது!"

"எல்லாம் ஆண்டவர் குடுத்தது பாய்" என்று கஸ்பார் வானத்தைப் பார்த்தார்.

ஆண்டவர் யாரிடம் கொடுத்தாரோ, அந்தக் கைகள் அப்போது கதவுக்குப் பின்னால் சேலைத் தலைப்புக்குள் சுருண்டிருந்தன. விரலெல்லாம் சிவப்புப் பெயிண்ட். மரியத்துக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. கோபம் வந்தது, ஆனால் வழியில் எங்கேயோ தடுக்கி விழுந்து சிரிப்பாக மாறிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள்.

அன்று மத்தியானம் கஸ்பார் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, பீடியைப் பற்றவைத்து, மீசையைத் திருகியபடி, பாய் சொன்னதைத் தனக்குத்தானே மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மரியம் அதைப் பார்த்தாள். அவர் தூங்கிப்போனதும், துறைமுகத்துக் காகிதச் சிப்பங்களைச் சுற்றிவரும் தடித்த பழுப்புத் தாள் ஒன்றைச் சுவரில் அடித்து, அடுப்புக்கரியை எடுத்தாள்.

கஸ்பாரைப் பெரிதாகப் போட்டாள். நவாப் மாதிரி சாய்ந்திருக்கும் கஸ்பார். ஆளைச் சட்டென்று அடையாளம் தெரியாதபடி பாதி முகத்தை மூடிய மீசை, அதை ஒரு கை திருகுகிறது. ஒரு கையில் பீடி. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, அக்குள் வழியாக, இன்னும் இரண்டு கைகள் வெளியே வருகின்றன. மெலிந்த கைகள், கண்ணாடி வளையல் போட்டவை. ஒன்றில் பெயிண்ட் டப்பா, மற்றதில் பிரஷ். அந்தப் பிரஷ் அவர் எதிரிலிருந்த பலகையில் ஒரு முகத்தை வரைந்துகொண்டிருந்தது. கைகளுக்குச் சொந்தக்காரி படத்தில் எங்கேயும் இல்லை.

முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் முட்டியது. தூங்குகிற மனிதர் எழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு தாளை எடுத்துப் பலகைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் கஸ்பார் எண்ணூரில் ஒரு தொழிற்சாலை மதிலில் எழுத்து எழுதக் கிளம்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார். அவர் போன கையோடு தேவப்பிரியம் வந்து நின்றான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், மாமாவின் கருப்பட்டி மொத்தக் கடையில் இருப்பவன். ஆனால் அவன் உயிரெல்லாம் வாலிபர் படிப்பகத்தில்தான் இருந்தது. அதற்கு அவன் செயலாளர். வாயைத் திறந்தால் மேடைத் தமிழ், மறந்துபோனால் ஊர்த் தமிழ்.

"அக்கா, ஆண்டு விழாக் கண்காட்சிக்கு அண்ணாச்சி ஒரு படம் தாரேன்னு சொல்லியிருந்தாவளே. நாளைக்குத் தொறப்பு. எடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

கஸ்பார் எந்தப் படமும் போடவில்லை என்பது மரியத்துக்குத் தெரியும். சொல்லவும் வாயெடுத்தாள். என்ன பேய் புகுந்ததோ, நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"கீதே. அவரு படம் ஒண்ணு கீது."

பொய்யில்லை. அவருடைய படம்தான். அவர் போட்டதா, அவரைப் போட்டதா என்று தேவப்பிரியமும் கேட்கவில்லை. தாளை விரித்துப் பார்த்தான். கழுத்தைச் சாய்த்தான், நிமிர்த்தினான்.

"அக்கா... இது படமில்லக்கா. இது சமுதாயத்தோட கன்னத்துல விட்ட அறை!"

தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான். அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் மரியத்துக்குச் செய்தது உறைத்தது. 'அய்யோ மாதாவே, இன்னா வேல பண்ட்டேன்' என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கை கீழே இறங்குவதற்குள் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயந்திரம் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு படிப்பகத்துக்குப் போனாள். கன்னியம்மா மதார் சாகிப்பின் மண்டியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுபவள். கண் எப்போதும் சிவந்திருக்கும். வாய் அதைவிடக் காரம்.

கூடத்தில் கடற்சிப்பியில் செய்த கோபுரம், தீக்குச்சியில் ஒட்டிய கப்பல், தலைவர்கள் படங்கள் என்று என்னென்னவோ இருந்தன. அவற்றை ஈ கூடச் சீந்தவில்லை. கூட்டமெல்லாம் ஒரே சுவரை மொய்த்துக்கொண்டிருந்தது. பழுப்புத் தாளுக்குக் கீழே தேவப்பிரியம் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான்: 'ஆர்ட்டிஸ்ட் கஸ்பாரின் படம்'.

துறைமுகக் கூலி ஒருவர் படத்தின் முன் நின்று சுற்றிலும் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா பாத்துக்க மாமு. சாய்ஞ்சிக்கினு குந்திக்கினு கீறான் பாரு, அவன் யாரு? மொதலாளி. வேல செய்யுது பாரு கை, அது யாருது? நம்மள்து. நம்ம மூஞ்சி படத்துல கீதா? இல்ல. ஏன் இல்ல? மூஞ்சிய எவன் பாக்குறான்?"

"அப்ப வளையலு?"

"வளையலா? நல்லா பாரு. வெலங்குய்யா அது, வெலங்கு!"

கூட்டம் 'ஆ' என்றது. மரியம் கன்னியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

தமிழாசிரியர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "விலங்கு அல்ல, வளையே. வளை அணிந்த கரங்கள் தமிழன்னையின் கரங்கள். தமிழன் மீசை முறுக்கி உறங்குகிறான். அன்னை அவனுக்காக ஓயாது உழைக்கிறாள். இதுதான் கருத்து."

"அதெல்லாம் இல்ல சார்" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "மெட்ராசு யாருக்குன்னு சண்ட நடக்குதுல்ல? ரெண்டு கை நம்மள்து, ரெண்டு கை ஆந்திராக்காரன்து. பலகைதான் மெட்ராசு."

மூன்று கட்சியும் அங்கேயே மோதிக்கொண்டன. குரல் ஏறியது. கன்னியம்மா மட்டும் படத்திலிருந்த கையைப் பார்த்தாள். பிறகு தன் தோளைப் பிடித்திருந்த மரியத்தின் கையைக் குனிந்து பார்த்தாள். அதே மெலிந்த விரல், அதே வளையல். மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது.

"அடியே..."

மரியம் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்!"

இருவரும் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். தெருவில் நிற்க முடியவில்லை. கடற்கரைப் பக்கம் ஓடி, கவிழ்த்துப் போட்ட கட்டுமரம் ஒன்றில் விழுந்து சிரித்தார்கள். கன்னியம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். இருமி இருமிச் சிரித்தாள்.

"வெலங்காம்டி! தமிழன்னையாம்டி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டவள் திடீரென்று நிமிர்ந்தாள். "ஆனா மரியம், அந்தக் கூலிக்காரு சொன்னாரே, மூஞ்சிய எவன் பாக்குறான்னு. அது கரெக்டுதான?"

மரியம் கட்டுமரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தான் விளையாட்டுக்குத்தான் போட்டோம் என்று நேற்றுவரை நினைத்திருந்தாள். இப்போது அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

"நாளிக்கு உன் வூட்டுக்காரரு வந்து பாத்தா?" என்றாள் கன்னியம்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, மறுபடியும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எண்ணூர் ரயிலிலிருந்து இறங்கிய கஸ்பார் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. ஸ்டேஷன் வாசலிலேயே ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீக்கடையில் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். "பின்னிட்டே கஸ்பாரு! நாலு கை போட்டியே, எங்கெந்து நைனா வந்துச்சி அந்த யோசன?" என்றார்கள். எந்த நாலு கை என்று கஸ்பாருக்குப் புரியவில்லை. ஆனால் புகழ்ச்சியை இல்லை என்று சொல்லும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. "அது அப்டியே தோணிட்ச்சி" என்று சொல்லிக்கொண்டே, ஊர் தள்ளிக்கொண்டு போன திசையில் போய், ஆண்டு விழாக் கூட்டம் நடந்துகொண்டிருந்த படிப்பகத்துக்குள் நுழைந்தார்.

பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த மரியம் அவர் நுழைவதைப் பார்த்தாள். மலர்ந்த முகத்தோடு சுவரைப் பார்த்தார். முகம் அப்படியே நின்றது. தன் மீசையைப் பார்த்தார், பீடியைப் பார்த்தார், வளையல் கைகளைப் பார்த்தார். கழுத்து மெதுவாகத் திரும்பிப் பெண்கள் பக்கம் வந்தது. மரியம் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் தேவப்பிரியம் மாலையைப் போட்டு மேடைக்கு இழுத்துவிட்டான். நாற்காலியில் விழாத் தலைவர் மதார் சாகிப் இருந்தார். முகம் சரியில்லை. மைக் கரகரத்தது.

"ஆன்றோர்களே! மூன்று நாட்களாக ராயபுரத்தின் உறக்கத்தைக் கெடுத்த ஓவியத்துக்கு அதைத் தீட்டிய கலைஞரே இப்போது பொருள் கூறுவார்!" என்றான் தேவப்பிரியம். படம் மாட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மேடையில் அதையெல்லாம் பார்க்க முடியாது.

கஸ்பார் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் படத்துல... நாலு கை கீது."

பலத்த கைதட்டல். கஸ்பாரே திகைத்துப் போனார்.

"ஏன் நாலு கை கீதுன்னு கேப்பீங்க. ரெண்டு கை போட்டிருந்தா... ரெண்டுதான் இருந்திருக்கும்."

மறுபடியும் கைதட்டல். துறைமுகக் கூலி எழுந்து நின்றே தட்டினார். கஸ்பாருக்குத் தைரியம் வந்துவிட்டது. ரெண்டு கை ஓய்ந்திருக்கும்போது ரெண்டு கை ஓடும் என்றார். அலை ஓய்ந்தாலும் காற்று ஓயாது என்றார். வளையல் வட்டமாக இருக்கிறது, உலகமும் வட்டமாக இருக்கிறது என்றார். தமிழாசிரியர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். மரியத்துக்கு விலா வலித்தது. கன்னியம்மா கீழே குனிந்து கோரைப் பாயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மதார் சாகிப் எழுந்தார்.

"கஸ்பாரு, நிறுத்து. எனுக்கு ஒரு விசயம் தெரிஞ்சாவணும். அது யாரு? சாய்ஞ்சிக்கினு கீற ஆளு?"

"பாய்?"

"நேத்துலெந்து ஊரே சொல்லுது. பெரிய மனுசன் குந்திக்கினு கீறானாம், பொம்பளைங்க கை வேல செய்யுதாம். பொம்பளைங்கள வேலைக்கு வெச்சிக்கினு கீற பெரிய மனுசன் இங்க யாரு? நான்தான! என் போர்ட எழுதிட்டு, என் வூட்டு டீயக் குடிச்சிட்டு, என்னியே சுவத்துல மாட்டிட்டியா?"

கூடம் முழுக்கக் கஸ்பார் பக்கம் திரும்பியது.

"அய்யோ பாய், சத்தியமா நீங்க இல்ல!"

"அப்ப சரி. என் மூஞ்சிய நீ எப்டிப் பாக்குறேன்னு நானும் பாக்கணும். தோ, கரும்பலகை கீது. இப்பவே, எல்லார் முன்னாடியும், என்னிய போடு."

படிப்பகத்தில் முதியோருக்கு எழுத்துச் சொல்லித்தரும் பெரிய கரும்பலகை மேடையிலேயே நின்றிருந்தது. தேவப்பிரியம் ஆவலோடு சாக்கட்டியை நீட்டினான். கஸ்பார் வாங்கினார். உச்சியில் 'மதார் சாகிப்' என்று எழுதினார். அடடா, என்ன எழுத்து! எழுத்துக்கு நிழல், நிழலுக்கு ஓரம், கடைசிப் 'ப்'பின் புள்ளிக்குள் ஒரு பிறை. கூட்டம் ஆரவாரம் செய்தது.

"பேரு எனுக்குத் தெரியும். மூஞ்சி?" என்றார் மதார் சாகிப்.

கஸ்பார் ஒரு மூக்கைப் போட்டார். கத்தரிக்காய் வந்தது. அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். அதே கத்தரிக்காய்க்கு இப்போது காம்பும் வந்துவிட்டது. ஒரு கண்ணை வைத்தார். வஞ்சிரம் மீன் மேடையிலிருந்து சபையை முறைத்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பின்வரிசைக்குப் பரவியது.

அந்தச் சிரிப்புக்குள் மரியத்தின் சிரிப்பும் உடைந்து வெளியே வந்தது. இரண்டு நாளாக அடக்கிவைத்தது. பெண்கள் பக்கத்திலிருந்து கலகலவென்று எழுந்து, கூடத்தையே திரும்ப வைத்தது. கஸ்பார் வியர்த்து வழிந்தபடி அவளைப் பார்த்தார். 'வா' என்று கண்ணால் கெஞ்சினார். மரியம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். கண்ணால் கூப்பிட்டால் வரமாட்டேன், வாயால் கூப்பிடு. பேசாமலே அவருக்கு அது புரிந்தது.

கஸ்பார் சாக்கட்டியைக் கீழே வைத்தார். மைக்கைப் பிடித்தார். இந்த முறை குரலில் மேடை இல்லை.

"பாய், அது என் படந்தான். ஆனா நான் போட்ட படமில்ல. என்னியப் போட்ட படம். சாய்ஞ்சிக்கினு கீறவன் நான்." மாலையைக் கழற்றினார். "அந்த வளையக் கை வெலங்கும் இல்ல, அன்னையும் இல்ல, ஆந்திராவும் இல்ல. தோ குந்திக்கினு சிரிக்குது பாரு, அதான். என் சம்சாரம். உங்க போர்டுல சிரிக்கிற பொம்பளைய போட்டதும் அதான். எல்லா மூஞ்சியும் அதான். மரியம், வா. வந்து இந்தக் கத்தரிக்காய அழி."

அதற்கு எழுந்த சத்தத்தில் தீக்குச்சிக் கப்பல் அலமாரியிலிருந்து சாய்ந்தது. கன்னியம்மா மரியத்தை முதுகில் தள்ளிவிட்டாள். மரியம் மேடையேறியபோது காலுக்குக் கீழே பலகை இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆயிரம் கண்கள் தன் முகத்தைப் பார்க்கின்றன என்பது மட்டும் தெரிந்தது. பனங்கள் குடித்தவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

சாக்கட்டியை எடுத்தாள். மதார் சாகிப்பை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கை தானாக ஓடியது. குல்லா, நெற்றி மடிப்பு, பாதி மூடிய கண், மேலே தூக்கிய மூக்கு, வருமா வராதா என்று காத்திருக்கும் வாய். தும்மலுக்கு ஒரு நொடி முந்தைய மதார் சாகிப். சிரிப்பில் கூடம் குலுங்கியது. மதார் சாகிப்புக்கே உதடு துடித்தது.

மரியம் நிறுத்தவில்லை. அவருக்குப் பின்னால், சின்னதாக, தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் போட்டாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிய பெண்கள். முன்னால் மிளகாய்க் குவியல். சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. கடைசியாக ஒருத்திக்கு மட்டும் துணியை விலக்கி முகம் போட்டாள். கன்னியம்மாவின் முகம். அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. மதார் சாகிப் கிட்டே வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா இது? என் போர்டுல பொம்பள சிரிக்கிறாளே?"

"நீங்க சிரிக்கணும்னு சொன்னீங்க பாய். போட்டேன். இது நீங்க சொல்லாம போட்டது."

"நெசமாவா? இப்டியா கீது?"

"நம்ம மண்டிதான பாய்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மா குரல் கொடுத்தாள். "முன்கூடத்தோட நின்னுடுறீங்க. ஒரு தபா பின்னால வந்து பாருங்களேன். நீங்க வாசல்ல குந்திக்கினே இத்தினி தும்மு தும்முறீங்க. உள்ளார நாங்க இன்னா பண்ணுவோம்?"

மதார் சாகிப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கண் பாதி மூடியது. மூக்கு மேலே தூக்கியது. கரும்பலகையில் இருந்த முகமும் மேடையில் இருந்த முகமும் ஒரு கணம் ஒன்றாக நின்றன. பிறகு வந்தது தும்மல். மைக்கில் நேராக விழுந்து கல்மண்டபம் வரை எதிரொலித்தது. அதற்கு மேல் யாராலும் தாங்க முடியவில்லை. மதார் சாகிப்பே நாற்காலியில் சரிந்து, தொப்பையைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, யா அல்லா" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் மண்டியின் பின்கூடத்தில் இரண்டு ஜன்னல்கள் உடைத்து வைத்தார்கள். யோசனை தன்னுடையதுதான் என்று மதார் சாகிப் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கன்னியம்மாவுக்கு மூன்றாவது ஜன்னல் வேண்டியிருந்தது. அதற்காகப் பாயோடு அவள் வேறு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கஸ்பார்தான் வீட்டில் பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்வார், எழுவார். தெருவில் போனால் 'நாலு கைக் கஸ்பார்' என்று கூப்பிட்டார்கள்; அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மரியம் உப்பைச் சரியாகப் போட்டாள். அப்போதும் பேசவில்லை. ஒரு காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவர், துண்டோடு அவள் முன்னால் நின்றார்.

"ஒண்ணு கேக்குறேன். மீச அத்தினி பெருசாவா கீது?"

"கீது."

"சரி. பீடி குடுத்தே, சரி. குந்திக்கினு கீறேன், அதுவும் சரி. ஆனா ஒரு கையிலயாவது பிரஷ்ஷு குடுத்திருக்கக் கூடாதா மரியம்? எழுத்து யாருது? அத்தினி எழுத்தும் யாரு போட்டது?"

மரியத்துக்கு வாயில் வந்த சிரிப்பு நின்றுபோயிற்று. கரும்பலகையின் உச்சியில் பிறை வைத்த அந்தப் 'ப்' கண் முன்னால் வந்தது. அந்த எழுத்தைத் தன்னால் ஏழு ஜென்மத்திலும் போட முடியாது. தான் வரைந்த படத்திலிருந்து அதையெல்லாம் சுலபமாகத் துடைத்துவிட்டிருந்தாள்.

"அது தப்புதான்" என்றாள். "கோவத்துல போட்டது."

"கோவத்துலயா? சிரிச்சிக்கினே போட்டிருப்பே. எனுக்குத் தெரியாது?"

"ரெண்டும்தான்யா."

கஸ்பார் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு மீசை ஒரு பக்கம் கோணியது. "மூஞ்சி மட்டும் ஷோக்காதான் போட்டே" என்று முணுமுணுத்துக்கொண்டு துண்டால் வாயைத் துடைத்தார்.

மறுவாரம் கல்மண்டபம் முனையில் ஒரு துணிக்கடைக்காரர் மாடி உயரப் பலகை கேட்டார். கூடவே, "அந்தம்மாவும் வரணும்" என்று கூச்சத்தோடு சொன்னார். மூங்கில் சாரம் கட்டினார்கள். கீழே ஒரு கூட்டம் கூடிவிட்டது. மரியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் முறையாகத் தெரு நடுவில், சாரத்தில் ஏறினாள். பாதியில் நின்றாள்.

மேலிருந்து கஸ்பார் கை நீட்டினார். "கீழ பாக்காத. என்னியப் பாரு."

மரியம் கீழேயும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். மேலே ஏறித் திரும்பியபோது ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும், கப்பல்களின் புகைபோக்கிகளும், அதற்கும் அப்பால் கடல் முழுவதும் ஒரே வீச்சில் தெரிந்தன. தலை கிறுகிறுவென்று சுற்றியது. மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா, பயமா கீதா?" என்றார் கஸ்பார்.

"இல்ல. இத்தினி வருசமா நீ மட்டும் இத்தப் பாத்துக்கினு இருந்தியா, பாவி?" என்றாள் மரியம். சாரமே ஆடும்படி அவள் சிரிக்க, கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்து, காரணம் தெரியாமலே தாங்களும் சிரித்தார்கள்.